பதினேழு ஆப்பும் ஒரு பை நிறைய ஒயரும்

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் ஓர் ஆண்ட்ராய்டு போனும் ஒரு டேப்லெட்டும் வாங்கிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. ஆளுக்கு ஒன்றாகச் சொன்னதில் போனில் பதினேழு ஆப் சேர்ந்துவிட்டது, பட்டியலை இணைத்திருக்கிறேன். ஒரு பை நிறைய ஒயர், இரண்டு சார்ஜர், 50,000 என்று அச்சிட்ட, கைப்பைக்குள் கிடப்பதே தெரியாத பவர் பேங்க், பத்து ரப்பர் முனைப் பேனா என்று சாமானும் சேர்ந்துவிட்டது. ஆனால் போன் சூடாகிறது, இடமில்லை என்கிறது, சார்ஜ் ஒரு நேரம் ஏறுகிறது, ஒரு நேரம் ஏறுவதில்லை. டேப்லெட்டை எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருக்கிறேன். எனக்குப் படிக்கவும் தமிழில் எழுதவும் வேண்டும். கணவருக்குக் காது கொஞ்சம் மந்தம், கையும் நடுங்கும். ஆறு வயதுப் பேரன் வந்தால் டேப்லெட் அவன் கையில்தான். இன்னும் என்னென்ன ஆப் போட வேண்டும், என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: வணக்கம் அம்மா. இன்னும் என்ன போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலைப் படித்ததும் என் கை சிவப்பு மைப் பேனாவைத்தான் தேடியது. பதினேழில் எட்டை அடித்துவிட்டேன். அதை முதலில் சொல்கிறேன். போட வேண்டியவை அப்புறம்.

முதல் கோடு அந்த மூன்று உடன்பிறப்புகளுக்கு: கிளீனர், பூஸ்டர், பேட்டரி சேவர். போனின் ரேம் என்பது வேலை நடக்கும் மேசை, ஸ்டோரேஜ் என்பது சேமித்து வைக்கும் அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் நோட்டுகள் மேசைமேல் இருக்கின்றன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கிவிட்டு, "பாருங்கள், மேசை எவ்வளவு காலி!" என்று பெருமைப்பட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அடுத்த நோட்டுக்கு மறுபடி எழுந்து போக வேண்டும். போனும் அப்படித்தான் எழுந்து எழுந்து போகிறது; அந்த நடைக்குத்தான் பேட்டரியும் செலவாகிறது, சூடும் ஏறுகிறது. மேசையில் இடம் போதாதபோது எதை எடுத்து வைப்பது என்று ஆண்ட்ராய்டுக்கே தெரியும். பயன்படுத்தாத நேரத்தில் ஆப்களைத் தூங்க வைக்கும் வேலையையும் 2015-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து அதுவே செய்கிறது. இந்த மூன்றையும் நீக்கினாலே பாதிச் சூடு தணியும் என்பது என் கணிப்பு. மீதிச் சூட்டுக்குக் காரணம் தெரிய, செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் எந்த ஆப் எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். நீங்கள் திறக்கவே திறக்காத ஒன்று மேலே உட்கார்ந்திருந்தால் அதுதான் ஆள்.

அடுத்து டார்ச் ஆப்பும் கியூஆர் ஸ்கேனரும். இரண்டும் போனிலேயே இருக்கின்றன: திரையை மேலிருந்து கீழே இழுத்தால் டார்ச், கேமராவைத் திறந்து கட்டத்தின் மேல் காட்டினால் கியூஆர். டார்ச் ஆப்தானே, என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். கோடிக்கணக்கானோர் இறக்கியிருந்த ஒரு டார்ச் ஆப், அவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக 2013-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வெளிச்சம் போட எதற்கு முகவரி?

ஆவணங்களைப் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்கும் ஆப்பும் அப்படியே. அந்த வகையில் பெயர்பெற்ற கேம்ஸ்கேனரின் ஆண்ட்ராய்டு பதிப்பில், விளம்பரத்துக்காகச் சேர்த்த ஒரு நிரல்தொகுப்பு வழியாகத் கெடுதல் செய்யும் தீநிரல் புகுந்திருந்ததை 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. கூகுள் அதைப் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டு, சுத்தமான பின்பு திரும்பச் சேர்த்தது. உங்களிடம் இருப்பது அது இல்லைதான். பெயரே கேள்விப்படாத வேறொன்று, அது இன்னும் மோசம். கூகுள் டிரைவைத் திறந்து கேமரா படத்தைத் தொட்டால் அதுவே ஸ்கேன் செய்யும், விளிம்பையும் நேராக்கும். மகளிடம் ஐபோன் இருந்தால் அதன் நோட்ஸ் ஆப்பிலேயே இந்த வசதி இருக்கிறது.

ஆன்டிவைரஸ் ஆப்பையும் அடித்திருக்கிறேன். பிளே ஸ்டோரிலேயே காவலுக்குப் பிளே புரொடெக்ட் இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் வைரஸ் உருவத்தில் வருவதில்லை. "இந்த இணைப்பைத் தொட்டு ஆப்பை இறக்குங்கள்" என்ற குறுஞ்செய்தி உருவத்தில் வருகிறது. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து எதையும் இறக்குவதில்லை என்று வைத்துக்கொண்டால் போதும்.

எட்டாவதைத்தான் கொஞ்சம் கவலையோடு அடித்தேன்: தூரத்திலிருந்து உங்கள் திரையை இயக்கும் ஆப். மருமகன் ஒருமுறை உதவி செய்யப் போட்டிருப்பார். ஆப் நல்ல ஆப்தான், ஆனால் "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று அழைக்கும் திருடர்களுக்கும் அதுதான் பிடித்த ஆப். அந்த ஆப் காட்டும் எண்ணைச் சொன்னால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும். வேலை முடிந்த அன்றே நீக்கிவிட வேண்டும். மருமகனுக்கு மறுபடி தேவைப்பட்டால் மறுபடி போட இரண்டு நிமிடம்.

நீக்கிய கையோடு செட்டிங்ஸில் "அணுகல்தன்மை" அல்லது "ஆக்சசிபிலிட்டி" என்ற பகுதியைத் திறந்து, அங்கே நீங்கள் அறியாத ஆப் ஏதாவது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓர் அனுமதி கிடைத்த ஆப்பால் திரையில் உள்ளதைப் படிக்க முடியும், உங்கள் பெயரால் பொத்தானையும் அழுத்த முடியும். பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காக வைத்த கதவு அது. பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இனி இடப் பிரச்சினை. என் பழுதுபார்க்கும் மேசைக்கு "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வரும் போன்களில் பத்துக்கு எட்டில் குற்றவாளி வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் போனால் பெரிய கோப்புகளையும், பலமுறை முன்னனுப்பப்பட்டு வந்தவற்றையும் தனித்தனியாகக் காட்டும். காலை வணக்கப் பூங்கொத்து வீடியோக்களை மனசாட்சி உறுத்தாமல் அழிக்கலாம். கூகுளின் ஃபைல்ஸ் ஆப் ஒன்று உண்டு. ஒரே படம் இரண்டு மூன்று தடவை இருப்பதைக் கண்டுபிடித்துத் தரும். அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களைக் கேட்டுத்தான் அழிக்கும்.

இப்போது போட வேண்டியவை. குறைவுதான்.

முதலில் உங்கள் கணவருக்கு. லைவ் டிரான்ஸ்க்ரைப் என்று கூகுளின் ஆப் ஒன்று 2019-இல் வந்தது. எதிரில் இருப்பவர் பேசப் பேச, அந்தப் பேச்சு திரையில் எழுத்தாக ஓடும். தமிழும் தெரியும். இணையத் தொடர்பு வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் குழம்பும். பெயர்களைக் கன்னாபின்னாவென்று எழுதும். ஆனாலும் எத்தனையோ ஆப் பரிந்துரைத்த எனக்கு, ஒருவர் திரும்ப வந்து கையைப் பிடித்துக்கொண்டது இதற்காக மட்டும்தான். அவருடைய அப்பா மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருப்பாராம். டேப்லெட்டை நிமிர்த்தி வைத்து எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுப் பேசத் தொடங்கியதும், பேரனின் நக்கலுக்கு ஒரு பதில் சொன்னாராம். உங்கள் டேப்லெட் பத்து அங்குலம் என்றால் இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது. கூடவே ஒரு மடக்கு ஸ்டாண்டு வாங்குங்கள். இந்தக் கடிதத்தில் உங்களை வாங்கச் சொல்லும் முதல் பொருள் அதுதான்.

உங்கள் வாசிப்புக்கு ரீட்எரா என்ற ஆப் போதும். பிடிஎஃப், இபப் என்ற மின்னூல் வடிவம் இரண்டையும் திறக்கும், விளம்பரம் இல்லை, கணக்கு தொடங்கச் சொல்லி நச்சரிக்காது. தமிழ் நூல்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளம் இருக்கிறது. சங்க இலக்கியம் முதல் சென்ற நூற்றாண்டு நூல்கள் வரை இலவசம். முடிந்தவரை இபப் ஆகவே இறக்குங்கள். பிடிஎஃபில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் திரையைத் தாண்டி ஓடும். இபப்பில் வரிகள் தாமாக மடிந்து கொடுக்கும். கண் களைத்தால் வாசித்துக் காட்டவும் சொல்லலாம். அங்கே ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப் என்றால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆப்புக்கு உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அதை அது உரக்கப் படிக்கும்போது பேய் பிடித்தது போல இருக்கும். டேப்லெட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தில் உள்ள பதிப்பைத் தேடுங்கள்.

தமிழில் எழுத, போனில் ஏற்கெனவே இருக்கும் கூகுளின் ஜிபோர்டு கீபோர்டில் தமிழைச் சேர்த்தால் தட்டலாம், விரலால் எழுதலாம், 2017 முதல் தமிழில் பேசியும் எழுதலாம். நீளமாக எழுதுகிறவர் என்றால் செல்லினம் என்ற கீபோர்டு ஆப்பைப் போட்டுத் தமிழ்99 விசை அமைப்பைப் பழகுங்கள் என்பேன். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு: 'அம்மா' வந்துவிடும், புள்ளிக்கு என்று தனியாகத் தட்ட வேண்டாம், அதுவே வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் கை தடுமாறும். இலக்கணம் சொல்லிக் கொடுத்த உங்களுக்கு அந்த ஒழுங்கு பிடிக்கும். புளூடூத் கீபோர்டு வாங்கும் எண்ணம் இருந்தால், வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி டேப்லெட்டில் இணைத்து, செட்டிங்ஸில் வெளிக் கீபோர்டுக்குத் தமிழ் அமைப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரைக் கீபோர்டில் தமிழ் இருப்பதால் வெளிக் கீபோர்டிலும் இருக்கும் என்று நம்பி வாங்கியவர்கள் பலர்.

பாடல், உரை, வீடியோ எதுவானாலும் விஎல்சி. பிரான்சில் மாணவர்கள் தொடங்கியது, இலவசம், விளம்பரம் இல்லை. பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கப் பிட்வார்டன் என்ற ஆப் என்பேன். ஆனால் நீங்கள் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டை வைப்பதைவிட அந்த நோட்டு எவ்வளவோ மேல்.

பேரனுக்காகப் புதிதாக எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் "ஆப் பின்னிங்" என்று ஒன்று உண்டு. ஒரு ஆப்பைத் திரையில் ஆணியடித்த மாதிரி நிறுத்திவிடலாம், வெளியே வர உங்கள் பின் எண்ணைக் கேட்கும்படி வைத்துவிட்டால், அது இல்லாமல் அவனால் வர முடியாது. நேரக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் அவன் அம்மா கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் வழியாகச் செய்துகொள்ளட்டும். பாட்டி கையில் பிரம்பு இருக்க வேண்டாம்.

இனி அந்தப் பை. தரையில் கொட்டுங்கள்.

டைப்-சி ஒயர்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வாய் ஒன்றுதான், வயிறு வேறு வேறு. அந்தச் சின்ன வாய்க்குள் 24 தொடுமுனைகளுக்கு இடம் உண்டு. மலிவான ஒயரில் அவற்றில் சிலதுக்கு மட்டுமே கம்பி போகும். இருபுறமும் டைப்-சி உள்ள, முறையாகச் செய்த ஒயர் குறைந்தது 3 ஆம்பியர் தாங்கும், அதாவது 60 வாட் வரை. 5 ஆம்பியர் போக வேண்டுமானால் முனைக்குள் ஒரு சின்னச் சிப் இருந்தாக வேண்டும். "நான் இவ்வளவு தாங்குவேன்" என்று அது சார்ஜரிடம் சொன்ன பிறகுதான் கூடுதல் மின்சாரம் வரும். உங்கள் போனுக்கும் டேப்லெட்டுக்கும் 60 வாட் ஒயர் தாராளம்.

தரவு வேகம் தனிக் கதை. சார்ஜ் ஒயர்களில் பல, விநாடிக்கு 480 மெகாபிட் என்ற பழைய வேகத்தோடு நின்றுவிடும். 60 ஜிபி படங்களைக் கணினிக்கு மாற்ற ஏட்டுக் கணக்கில் 17 நிமிடம், நடைமுறையில் அரை மணி. வருடத்துக்கு இரண்டு முறை செய்யும் வேலைக்கு அதுவே போதும். "அதிவேகம்" என்று எழுதிய தடித்த ஒயருக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேகத்துக்கு அல்ல. கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் என்பவர் 2015-இல் சந்தையில் விற்ற டைப்-சி ஒயர்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதிக்க ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஓர் ஒயரைச் செருகியதும் அவருடைய மடிக்கணினியே பழுதாகிவிட்டது. உள்ளே மின்கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. வெளியே பார்த்தால் நல்ல ஒயர். அதனால் என் விதி கொஞ்சம் கடுமையானது: எங்கிருந்து வந்தது என்று நினைவில்லாத ஒயர் குப்பைக்கு. முனையில் ஆட்டம் காண்பது, செருகினால் சூடாவது, கழுத்தில் உறை விரிந்து உள் கம்பி தெரிவது, இவையும் குப்பைக்கு. போன் பெட்டியோடு வந்ததை வைத்துக்கொண்டு, பெயருள்ள ஒரு தயாரிப்பில் ஒன்றரை மீட்டர் நீளத்தில் இன்னும் ஒன்று வாங்குங்கள். இரண்டு ஒயர் போதும்.

சார்ஜ் ஒரு நேரம் ஏறுகிறது, ஒரு நேரம் ஏறுவதில்லை என்றீர்களே, அதற்கு ஒயரை மாற்றும் முன் போனின் வாயைப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்தால், அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஒன்று படிந்திருக்கும். பையிலும் புடவை மடிப்பிலும் இருந்த நூல்தூசி. ஒவ்வொரு முறை ஒயரைச் செருகும்போதும் நீங்களே அதை அழுத்தி அழுத்தித் திண்ணையாக்கியிருக்கிறீர்கள். ஒயர் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது, அவ்வளவுதான் நோய். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தி ஒன்றை நுனி சீவி, அடிச்சுவரை ஒட்டி மெதுவாகக் கிளறி வெளியே இழுங்கள். நடுவில் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தகடு நிற்கும், அதை நெம்பக் கூடாது. ஊசி, ஊக்கு, கொண்டை ஊசி எதுவும் உள்ளே போகக் கூடாது. என்னிடம் "சார்ஜிங் போர்டு மாத்தணும்" என்று வரும் போன்களில் பாதிக்கு இதுதான் மருத்துவம். காசு வாங்கக் கூச்சமாக இருக்கும்.

அந்த 50,000 பவர் பேங்க். அதைத் தராசில் வைத்துப் பாருங்கள். பவர் பேங்குகளில் பரவலாக இருக்கும் உருளை வடிவ லித்தியம் செல் ஒன்று அதிகபட்சம் 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவுதான் பிடிக்கும், எடை 48 கிராம் சொச்சம். 50,000 வேண்டுமென்றால் பதினைந்து செல் வேண்டும். செல்களே 700 கிராமைத் தாண்டும், கூடு தனி. கைப்பைக்குள் கிடப்பதே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த எண்ணை அச்சிட்ட மை மட்டும்தான் அசல். அளவில் பொய் சொன்னவன் பாதுகாப்புச் சுற்றில் மட்டும் உண்மை சொல்லியிருப்பானா? அதைப் பயன்படுத்த வேண்டாம். குப்பைத்தொட்டியிலும் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

மாற்றாக 10,000 போதும். இந்த எண் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது, அதாவது 37 வாட் மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும்போது கொஞ்சம் சூடாகப் போகும். 5,000 பேட்டரி உள்ள போனை ஒன்றரை முறை நிரப்பினால் அது நேர்மையான பவர் பேங்க். "இரண்டு முறை வரவில்லையே" என்று சண்டை போட வேண்டாம். மகளைப் பார்க்க விமானத்தில் போவீர்கள் என்றால் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட் மணி. உங்கள் 50,000 உண்மையாகவே இருந்திருந்தால் 185 வாட் மணி, உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்.

டேப்லெட்டை எப்போதும் சார்ஜரில் வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். லித்தியம் பேட்டரிக்கு இரண்டு பகை: சூடு ஒன்று, எந்நேரமும் வயிறு நிறைந்திருப்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி உப்பும். மேசைமேல் மல்லாக்க வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். படகு மாதிரி ஆடுகிறதா, திரையின் விளிம்பில் நகம் நுழையும் இடைவெளி தெரிகிறதா? தெரிந்தால் சார்ஜ் போடாமல், அழுத்தாமல், அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். தெரியாவிட்டால் பேட்டரி செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள். இப்போது பல மாடல்களில் வருகிறது.

வயர்லெஸ் சார்ஜர் உங்களுக்குத் தேவையில்லை. ஒயரைவிட மெதுவாக ஏறும், கூடுதலாகச் சூடாகும். ஆனால் கை நடுங்குபவருக்கு அந்தச் சின்ன ஓட்டையில் ஒயரைச் செருகுவது தினசரிப் போராட்டம். கணவரின் போனில் வயர்லெஸ் வசதி இருந்தால், காந்தம் வைத்த சீ2 (Qi2) வகை வயர்லெஸ் சார்ஜர் தட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் கொண்டுபோனாலே தானாகப் பிடித்துச் சரியான இடத்தில் உட்காரும். போனிலேயே காந்தம் இல்லையென்றால் காந்த வளையம் உள்ள கவர் கிடைக்கும்.

ரப்பர் முனைப் பேனாக்களைப் பேரனுக்குக் கொடுத்துவிடுங்கள், படம் போட ஆகும். அவை வெறும் செயற்கை விரல். உள்ளங்கையைத் திரையில் வைத்தால் அதையும் கோடாக எடுத்துக்கொள்ளும். எழுதுவதற்கு உங்கள் டேப்லெட் மாடலுக்கென்று செய்த பேனா வேண்டும், அது எல்லா டேப்லெட்டுக்கும் வராது. ஆப்பிள் பென்சிலிலேயே ஒரு வகை ஒரு ஐபேடில் எழுதும், இன்னொன்றில் எழுதாது. சாம்சங்கின் எஸ் பென் வேறு தொழில்நுட்பம். எழுதுவதற்குப் பேட்டரியே வேண்டாம், ஆனால் திரைக்கு அடியில் அதற்கான தகடு இருக்கும் டேப்லெட்டில்தான் கோடு விழும். மாடல் எண்ணை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். செட்டிங்ஸின் கடைசிப் பகுதியில் இருக்கும்.

திரைக் கண்ணாடி ஒட்டுங்கள், கவர் போடுங்கள். கவரின் விளிம்பு திரையைவிடச் சற்றே உயர்ந்திருக்க வேண்டும், அது போதும். "9எச்" என்று அட்டையில் போட்டிருப்பதை வைரம் மாதிரிக் கடினம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். ஒரு துகள் போதும், கீறிவிடும். கீறல் உங்கள் திரையில் விழாமல் ஒட்டிய கண்ணாடியில் விழுகிறது, அதுதான் அதன் வேலை. போனின் கைரேகை உணரி திரைக்கு அடியில் இருந்தால் உங்கள் மாடலுக்கு என்றே சொல்லி வாங்கி, ஒட்டிய பிறகு விரலை மறுபடி பதிவு செய்யுங்கள். 2019-இல் சாம்சங்கின் சில மாடல்களில் சில ஜெல் உறைகளை மாட்டியதும் யார் விரல் வைத்தாலும் போன் திறந்துகொண்டது. பிறகு மென்பொருளில் சரிசெய்தார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. படங்கள். போன மாதம் ஒருவர் தண்ணீரில் விழுந்த போனோடு வந்தார். புதுப் போன் வாங்கிவிட்டேன், இது வேண்டாம், உள்ளே அம்மாவின் குரல் இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்றார். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு என்றால் நினைவகச் சிப்பைக் கழற்றித் தனியாகப் படித்துவிடலாம். இன்றைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய எழுத்து. சாவி அதே போர்டின் செயலியோடு பிணைந்திருக்கிறது. போர்டு உயிர்த்தெழுந்தால்தான் குரல். நான்கு நாள் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே உட்கார்ந்தேன். உயிர்க்கவில்லை.

கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடம் 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து படங்களுக்கும் சேர்த்துத்தான். மின்னஞ்சல், டிரைவ், படம் எல்லாம் ஒரே பானையிலிருந்து. உங்களுக்கு அது எப்போதோ நிறைந்திருக்கும், அதன்பிறகு எடுத்த படங்கள் போனில் மட்டுமே இருக்கும். கூகுள் போட்டோஸைத் திறந்து வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டால் பேக்கப் முடிந்ததா, நின்றுவிட்டதா என்று சொல்லும். நின்றிருந்தால் ஒரு முனை டைப்-சி, மறுமுனை சாதா யூஎஸ்பி உள்ள 128 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்குங்கள். போனில் செருகி, நான் சொன்ன ஃபைல்ஸ் ஆப் வழியாகவே நகலெடுக்கலாம், கணினி வேண்டாம். நகலெடுத்த பிறகு பென்டிரைவிலிருந்தே நாலைந்து படத்தையும் கடைசி வீடியோ ஒன்றையும் திறந்து பாருங்கள். சில போலி டிரைவ்கள் நிறைந்த பிறகும் நிறைந்ததாகச் சொல்லாமல் வாங்கிக்கொண்டே இருக்கும். பெயர் தெரியும், திறந்தால் வராது. நல்லது என்று உறுதியானால் அந்தப் பென்டிரைவ் போனோடு ஒரே பையில் பயணம் போகக் கூடாது. பீரோவில், அந்தப் பாஸ்வேர்டு நோட்டின் பக்கத்தில்.

ஆக, வாங்க வேண்டியது ஸ்டாண்டு, ஒயர், பவர் பேங்க், பென்டிரைவ், திரைக் கண்ணாடி, கவர், கணவருக்கு வேண்டுமானால் அந்தக் காந்தத் தட்டு. ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். பென்டிரைவை முதலில் வாங்குங்கள்.

சார்ஜர் இரண்டு இருக்கிறது என்றீர்கள். எதை வைத்துக்கொள்வது என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. அவற்றின் அடியில் பொடி எழுத்தில் "அவுட்புட்" என்று ஒரு வரி இருக்கும். 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் இவ்வளவு என்று எண்கள் வரிசையாக ஓடும். கண்ணுக்கு எட்டாவிட்டால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து, டேப்லெட்டின் மாடல் எண்ணோடு அனுப்புங்கள். சார்ஜருக்கும் பேனாவுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.